75 புள்ளி போதாத பட்டறை

தலைவர் அவர்களே, அதிபர்களே, தொழினுட்பப் பாட ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2013இல் உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு தொடங்கியபோது யாழ்ப்பாணம் கேட்ட முதல் கேள்வி, 'இது படித்தால் எந்தக் கம்பசுக்குப் போகலாம்?' என்பது. பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். படித்து முடித்த பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டவர்கள் குறைவு. நான் பேச வந்தது அதைப் பற்றி.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் மோட்டரில் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங் போய்விட்டது, தண்டும் தேய்ந்துவிட்டது. புதுத் தண்டு கடைய வேண்டும். சிறிய மோட்டர்களில் அதிகம் வருவது 6205 என்ற இலக்கமுள்ள பெயாரிங். அதன் உள்விட்டம் 25 மில்லிமீற்றர். அப்படியென்றால் தண்டை எத்தனைக்குக் கடைவது? வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் உயரும்: 25! அங்கேதான் வேலை கெடுகிறது. பெயாரிங் வழுக்காமல் இறுக்கமாக உட்கார, வழமையான பொருத்தத்தில் தண்டு 25.002க்கும் 25.015க்கும் இடையில் இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்த இடம் 0.013 மில்லிமீற்றர். கையில் உள்ள வேணியர் அளவுகோலோ 0.02 வரைதான் காட்டும். அதைவிட நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீற்றர் கருவி வேண்டும், அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடைந்து முடித்த கையோடு தண்டு சூடாக இருக்கும். 25 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு 40 பாகை சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.012 கூடும். சூட்டோடு அளந்து 25.01 என்று சந்தோஷப்பட்டால், ஆறியபின் அது 25க்கும் கீழே போயிருக்கும். வெப்ப விரிவுக் குணகத்தைப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது இந்தத் தண்டில்தான் இருக்கிறது என்று காட்ட ஆளில்லை. லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், நிற்கும் அண்ணைக்குக் குணகத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஆறும்வரை அவர் அளக்க மாட்டார். இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

பரீட்சையில் 75 எடுத்தால் ஏ. பட்டறையில் நூறு உருப்படியில் 75 சரியென்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஆகவே ஒரு பிள்ளை ஒரு பொருளைச் செய்து, மினுக்கி, கண்காட்சியில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். பாடசாலையில் உடைந்த மேசைகளுக்கு இருபது இரும்புத் தாங்கிகள் வேண்டும் என்று வகுப்புக்கு ஓடர் கொடுங்கள். எந்தத் தாங்கியும் எந்த மேசையிலும் பொருந்த வேண்டும், துளைகள் விலகக் கூடாது, திகதி தப்பக் கூடாது. மூன்றாவது தாங்கியிலேயே துளை விலகும். ஒவ்வொன்றாகக் குறித்துத் துளைப்பது சரிவராது, துளையிடும் கருவியை வழிநடத்த ஒரு ஜிக் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். உற்பத்தி என்ற பாடம் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

இது நமக்குப் புதிதல்ல. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை ஓடியது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை, காரைநகரில் சீநோர் படகுத்தளம் இருந்தன. யுத்தம் அவற்றை நிறுத்தியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. கெட்டித்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் கெட்டித்தனம் ஒன்றைச் செய்யும். அதையே ஐந்நூறு தரம் பிசகாமல் செய்ய ஒழுங்கு வேண்டும். பெரிய தொழிற்சாலைகள் போனபின் அந்த ஒழுங்கைப் பார்த்துப் பழக நம் பிள்ளைகளுக்கு இடம் குறைந்துவிட்டது.

ஆசிரியர்கள் விடுமுறையில் சில நாட்களாவது ஒரு பட்டறையில் நிற்க வேண்டும். சுற்றிப் பார்க்க இல்லை, வேலை செய்ய. அப்புறம் பட்டறைக்காரரை வகுப்புக்கு அழையுங்கள், பொன்னாடை போர்த்தி அனுப்ப அல்ல, லேத்தடியில் நிறுத்த. அவர் முதலில் சொல்லப்போவது பாதுகாப்பு: இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் அதை இறுக்கும் சாவியை விட்டுவிட்டு இயந்திரத்தைப் போடாதே, சுழலும் இயந்திரத்தடியில் கையுறை போடாதே. பெண்பிள்ளைகளின் கழுத்துப்பட்டியும் தொங்கும் பின்னலும் அங்கே உயிராபத்து. கழுத்துப்பட்டியைக் கழற்றவும் பின்னலை ஏற்றிக் கட்டவும் அதிபர்கள் அனுமதிக்க வேண்டும். சீருடை ஒழுங்கு வாசலோடு நிற்கட்டும்.

கடைசியாகக் காசு. பழைய மாணவர் சங்கத்தினர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வளைவும் மண்டபமும் கட்டித் தந்தீர்கள், நன்றி. இனி இரும்புக் கம்பியும் தகடும் வாங்கித் தாருங்கள். அதில் ஒரு பங்கு பிழைத்துப்போய்ப் பழைய இரும்புக்குத்தான் போகும். அந்தப் பங்கையும் கணக்கில் சேர்த்தே தாருங்கள். வருட முடிவில் எவ்வளவு வீணானது, ஏன் வீணானது என்று பிள்ளைகளே எழுதிய கணக்கை உங்கள் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.