கையைப் பிடித்தா இழுத்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வாங்கிவிட்டு வருந்துவதற்குப் பெரிதும் காரணம் நம் மனமா, விற்பவர் விரிக்கும் வலையா?' வலையேன்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "கடைக்காரன் என்ன, உங்க கையைப் பிடிச்சா இழுத்தான்?" அதுக்குப் பதில் சொல்லாம நான் இறங்க மாட்டேன்.

2004, ஆடி மாசம். செங்கல்பட்டுல மின்சார ரயில் ஏறி மாம்பலத்துல இறங்கினாங்க எங்க அம்மா. ரங்கநாதன் தெருவுல அப்பாவுக்கு ரெண்டு பனியன் எடுக்கணும், அவ்வளவுதான். பர்ஸுல கேஸுக்கும் பால்காரருக்கும் எடுத்து வச்ச பணம். திரும்பி வந்தப்போ பனியன் இல்லை. 699 ரூபாய்க்கு ஒரு வாடாமல்லி கலர் புடவை!

ரயில் தாம்பரம் தாண்டுறதுக்குள்ளயே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடுச்சாம். வீட்டுக்கு வந்து அதை எங்க ஒளிச்சாங்க தெரியுமா? அரிசி டிரம்முக்குள்ள.

மறுநாள் காலையில ஆழாக்கை உள்ளே விடறாங்க. 'சரக்!' பிளாஸ்டிக் கவர். கூடத்துல பேப்பர் படிக்கிற அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். அம்மா இருமறாங்க. அடுத்த நாள் ஓரமா, மெதுவா விடறாங்க. 'சரக்!' இருமல். அரிசி குறையக் குறையச் சத்தம் கூடுது. மாசக் கடைசியில ஒரு ஆழாக்கு அரிசிக்கு மூணு இருமல்! எனக்கு அப்போ பத்து வயசு. அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு ராத்திரி தூங்காமக் கிடந்தேன்.

அண்ணே, கையைப் பிடிச்சு இழுக்கலை. மோர் கொடுத்தாங்க. ஃபேனுக்குக் கீழே உட்கார வச்சாங்க. "இன்னிக்கு மட்டும்தான்மா இந்த விலை"ன்னாங்க. 700ன்னா யோசிப்போம்னு 699 போட்டாங்க. இப்போ மோர்கூட வேண்டாம். 2016ல யுபிஐ வந்துச்சு, நோட்டை எண்ணிக் கொடுக்கிறப்போ மனசுல வர்ற சுருக்கும் போயிடுச்சு. கிரெடிட் கார்டுல 'வட்டியில்லாத் தவணை'ங்கிறாங்களே, அந்த வட்டி ப்ராசசிங் கட்டணத்துல ஒளிஞ்சு வருதுன்னு ரிசர்வ் வங்கியே 2013ல சொல்லிடுச்சு. எங்க அம்மா புடவையை அரிசிக்குள்ள ஒளிச்சாங்க, அவங்க வட்டியைக் கட்டணத்துக்குள்ள ஒளிக்கிறாங்க. யார் குத்தவாளி, நடுவர் அவர்களே?

இன்னும் நாலு பாயிண்ட் எழுதி வச்சிருக்கேன். அது கிடக்கட்டும்.

ஆவணி பொறந்த அன்னிக்கு அப்பாவே டிரம்முக்குள்ள கைவிட்டு எடுத்தார். உதறினார், அரிசி சிதறிச்சு. "ஏன் ஒளிச்சே?"

"கேஸ் பணம்ங்க."

"கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேனே."

அம்மா அழுதுட்டாங்க. "அந்தக் கடைப் பையன் அம்பது புடவையைப் பிரிச்சுப் போட்டு, 'உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்மா?'ன்னு கேட்டான். பதினோரு வருஷமா என்கிட்ட யாருங்க அப்படிக் கேட்டா?"

அப்பா எதுவும் பேசலை. சிதறின அரிசியை உட்கார்ந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கினார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு எங்க எல்லாரையும் அதே தெருவுக்குக் கூட்டிட்டுப் போனார். அம்மா வழக்கம்போல, "எதுவா இருந்தாலும் சரிங்க"ன்னாங்க. அப்பா விடலை. அவ்வளவு கூட்டத்துல, கடைப் பையனை நகரச் சொல்லிட்டு, தானே ஒவ்வொரு புடவையா எடுத்துப் பிரிச்சுப் போட்டார். "உனக்கு என்ன கலர் பிடிக்கும்? சொல்லு."

அம்மா ரொம்ப நேரம் கழிச்சு, தலையைக் குனிஞ்சுகிட்டே, "மயில்கழுத்து"ன்னாங்க.