பயிற்சியாளர் கையில் இருக்கும் பட்டியல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு விண்ணப்ப ஆலோசனை சொல்வது என் வேலை. அண்மையில் ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். ஃபைல் நிறைய பேட்மிண்டன் சான்றிதழ்கள். "விளையாட்டு இருந்தா ஹார்வர்டுல ஈசியா சீட் கிடைக்கும்னு சொல்றாங்களே சார்?" என்று கேட்டார்.

அவர் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஹார்வர்டு மாணவர்களைச் சேர்க்கும் முறையை எதிர்த்து நடந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்த விவரங்களின்படி, பல்கலைக்கழக அணிகளின் பயிற்சியாளர்கள் தங்கள் அணிக்கு வேண்டும் என்று கேட்ட வீரர்களில் 100க்கு சுமார் 86 பேருக்கு இடம் கிடைத்தது. எந்தச் சலுகையும் இல்லாத மற்றவர்களில் 100க்கு ஆறு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த 86க்குப் பின்னால் ஒரு வடிகட்டல் இருக்கிறது. எந்த வீரர் வேண்டும் என்று பயிற்சியாளர் முதலில் பட்டியல் போடுகிறார். அவர்களுடைய மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். தேறாதவர்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஆக, நன்றாக விளையாடுவது வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு. பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு என்பது பாட்டு, நாடகம் போல விண்ணப்பத்தில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஹார்வர்டில் 42 விளையாட்டு அணிகள் இருக்கின்றன. துடுப்புப் படகு, பாய்மரப் படகு, வாள்சண்டை, ஸ்குவாஷ் எல்லாம் உண்டு. பேட்மிண்டன் இல்லை. பையன் முகம் வாடிவிட்டது.

அந்த விளையாட்டுகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். படகும் வாளும் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டும்? பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் (ஹார்வர்டு, கொலம்பியா உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் குழு), அதைப் போன்ற இன்னும் நான்கு என மொத்தம் 12 பல்கலைக்கழகங்களில் பெரும் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஏறக்குறைய கால்பங்கு இந்த விளையாட்டு வழியாகத்தான் வருகிறது என்று காட்டியது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. 2019இல் வெளிவந்த அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை லஞ்ச ஊழலில், விளையாடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டப் படங்களையே திருத்தியிருந்தார்கள்.

நம் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. சேலத்துக்காரரான வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழக அணிக்கு ஸ்குவாஷ் ஆடினார். அவருக்குப் பின்னால் சென்னை ஸ்குவாஷ் அகாடமியின் பயிற்சியும் சர்வதேச ஜூனியர் போட்டிகளும் இருந்தன. மாவட்டக் கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போக முடியாது. ஐவி லீக்கில் விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் பண உதவி செய்வார்கள். இதையெல்லாம் மறைத்து "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது பையன், "அப்போ பேட்மிண்டனைப் பத்தி எழுதவே வேண்டாமா சார்?" என்றான். தினமும் காலையில் கோர்ட்டைத் திறந்து, கூட்டி, வலை கட்டுவது அவன்தானாம். சான்றிதழ் பட்டியலைச் சுருக்கிவிட்டு அதை எழுதச் சொன்னேன். இப்போது இரண்டாவது வரைவு எழுதிக்கொண்டிருக்கிறான்.