அத்தைக்கு வந்த கார்டு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வேண்டாத மின்னஞ்சலைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நான் கணினி படித்தவன் அல்லன். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் கைப்பேசியை என்னிடம்தான் நீட்டுகிறார்கள். "சார், என் பார்சல் எங்கேயோ நிற்கிறதாம், 49 ரூபாய் கட்டினால் வந்துவிடுமாம். உங்கள் ஆபீஸ் பெயரில்தான் வந்திருக்கிறது, பாருங்கள்." பார்ப்பேன். பார்த்துவிட்டு, "இதற்கு முன் இதுபோல வந்ததா?" என்று கேட்பேன். "நாலைந்து வந்தது சார், அப்போதே அழித்துவிட்டேன்" என்பார்கள், ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டது போல. அந்த நேரத்தில் எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிடும்.

80களில் கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன அஞ்சலகத்தில் கவுன்டரில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்தை வந்து, "21 கார்டு கொடுடா" என்றார். கார்டு அப்போது 15 பைசா. 3 ரூபாய் 15 காசை முந்தானை முடிச்சிலிருந்து எண்ணி வைத்தார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. உங்களில் வயதானவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஆமாம், அதேதான். அத்தைக்கு ஒரு கார்டு வந்திருந்தது: 'சுவாமி மகிமை, இதைப் படித்தவர் 21 பேருக்கு எழுத வேண்டும், எழுதியவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவருடைய பசு செத்தது.' அத்தை வீட்டில் கறவை மாடு இருந்தது. எப்படிக் கிழிப்பார்? இரண்டு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து 21 கார்டும் எழுதினார். அவற்றுக்கு முத்திரை குத்தியவன் நான்தான்.

பத்து நாளில் என்ன ஆயிற்று தெரியுமா? அத்தை யாருக்கு எழுதுவார்? சொந்தக்காரர்களுக்குத்தானே? அவர்கள் யாருக்கு எழுதுவார்கள்? மாயவரத்துச் சம்பந்தியிடமிருந்து ஒன்று, சொந்த நாத்தனாரிடமிருந்து ஒன்று, இரண்டு கார்டு அத்தைக்கே திரும்பி வந்துவிட்டன! "இப்போது 42 எழுத வேண்டுமாடா?" என்று கவுன்டருக்கு வந்து கண் கலங்கி நின்றார்.

எங்கள் போஸ்ட் மாஸ்டர் நிதானமான மனிதர். "முதலில் வந்த கார்டு இருக்கிறதா?" என்றார். அத்தை அதைப் பூஜை அறையில் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தார். அனுப்பியவர் முகவரியில் 'திருப்பதி' என்று எழுதியிருந்தது. கார்டைத் திருப்பி முத்திரையைக் காட்டினார். எங்களுக்கு ஆறு மைல் தள்ளி இருக்கும் ஊர்!

விசாரித்தால், அதே தெருவில் இன்னும் ஏழெட்டு வீட்டுக்கு அதே ஊதா மையில் வந்திருக்கிறது. பயந்தவர்கள் எழுதினார்கள், பயப்படாதவர்கள் கிழித்துப் போட்டார்கள். ஒருவர்கூட எங்களிடம் கொண்டுவந்து காட்டவில்லை. காட்டியிருந்தால்? அந்த ஊர் அஞ்சலகத்தில் கட்டுக்கட்டாகக் கார்டு வாங்கிப் போகிறவர் யார் என்று அங்கிருக்கும் போஸ்ட் மாஸ்டருக்குத் தெரியாதா? தெரிந்தது. ஒரு வாரத்தில் நின்றது.

கதை நீண்டுவிட்டது, மன்னியுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான். அழிப்பது கிழித்துப் போடுவது. புகார் செய்வது போஸ்ட் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. ஜிமெயிலில் அந்த அஞ்சலைக் கணினியில் திறந்தால் மேலே ஆச்சரியக்குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கைப்பேசியில் மேல் மூலையில் மூன்று புள்ளி. அதைத் தொட்டால் ஸ்பேம், அதாவது வேண்டாத அஞ்சல், என்று புகார் செய்யும் வழி வரும். நீங்கள் அழுத்துவதைப் பார்த்து, குப்பை அஞ்சலைப் பிரிக்கும் ஜிமெயிலின் வடிகட்டி கற்றுக்கொள்கிறது. பலர் அழுத்தினால், அதே மாதிரி அஞ்சல் அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போதே சந்தேகப்படும். கிழித்துப் போட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்று புள்ளி இருக்கிறது. அதில் 'தடு' என்பது வரும். பலர் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது அந்த ஒரு முகவரியைத்தான் தடுக்கும். மோசக்காரன் நாளைக்கு வேறு பெயரில் வருவான். விடாமல் எழுதும் தெரிந்த ஆளுக்குத் தடுப்பு சரி. முகம் தெரியாதவனுக்குப் புகார்தான்.

வேறு பெயரில் எப்படி வர முடிகிறது? மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறையை 1982இல் ஜான் போஸ்டெல் என்பவர் எழுதி வெளியிட்டார். பெயரைப் பாருங்கள், எங்கள் துறை ஆள் போலவே இருக்கிறார்! அந்த விதிமுறையில் அனுப்புநர் முகவரி உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. யாரும் 'திருப்பதி' என்று எழுதலாம். பிறகுதான் முத்திரை பார்க்கும் முறைகள் வந்தன: எந்தக் கணினியிலிருந்து வந்தது, அந்த நிறுவனத்தின் மின் கையொப்பம் இருக்கிறதா என்று. ஒரு நாளில் 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் இந்த முத்திரையோடுதான் வர வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில்தான் கட்டாயமாக்கியது. விளம்பரம் அனுப்பினால், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழியும் வைக்க வேண்டும்.

அந்த விலகல் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்களே துணி வாங்கி முகவரி கொடுத்த கடை என்றால் விலகிக்கொள்ளுங்கள்; அவர்களைப் போய் ஸ்பேம் என்று புகார் செய்வது நியாயமில்லை, அந்த அஞ்சலை விரும்பிக் கேட்டவர்களுக்கும் அது குப்பைக்குப் போய்விடலாம். யாரென்றே தெரியாதவன் என்றால் அவனுடைய அஞ்சலுக்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். தொட்டால், 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்' என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

வங்கிப் பெயரில் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சுருக்கமாக: பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், முதல் சில மணி நேரம் முக்கியம். அந்த அஞ்சலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. இன்னொன்று, வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல கடிதமும் சில சமயம் அங்கே போய் விழும். ஜிமெயிலில் 30 நாளில் தானாக அழிந்துவிடும். என் பேத்தியின் நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கேதான் கிடந்தது, 26ஆவது நாள் பார்த்தோம். அது ஒரு தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.