‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம்

எல்லாருக்கும் வணக்கம். பெற்றோர், ஆசிரியர் எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச்சு வராத பிள்ளையின் கையில் இருக்கும் டேப்லெட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

படத்தைத் தொட்டால் குரல் வரும் கருவிகள் ஒருகாலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். நம் வீடுகளுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. சென்னையில் பொறியாளர் அஜித் நாராயணனின் குழுவினர், மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கும் வித்யாசாகர் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து, இப்படிப் பேசும் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார்கள். 2010இல் ஐபேட் வந்தது. அப்புறம் ஆவாஸும் செயலியாகிவிட்டது. விரலால் தொட முடியாத பிள்ளைக்கும் வழி உண்டு. திரையில் ஒவ்வொரு படமும் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய கட்டம் வந்ததும் தலையால் ஒரு சுவிட்சை அழுத்தினால் போதும்.

சரி, கருவி வந்துவிட்டது. அதில் என்ன சொற்களை வைத்திருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஏழு வயது, பெருமூளை வாதம். அவன் திரையில் சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம், இவ்வளவுதான் இருந்தது. ஒருநாள் ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அம்மா உப்புமா ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தக் கட்டத்தைத் தொட்டான். “இன்னும் ஒரு வாய்டா” என்றார் அம்மா. மறுபடி தொட்டான். மூன்றாவது முறை தொட்டதும் அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அவன் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். தன் சொல்லுக்கு ஒருவர் கட்டுப்பட்டதை அன்றுதான் பார்த்தான்.

“இதைக் கொடுத்தால் அப்புறம் வாய்ப்பேச்சே வராதே” என்று பல அம்மாக்கள் கேட்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இப்படிப்பட்ட கருவி பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. ஆனால் பிள்ளை மட்டும் தொட்டால் போதாது. “காபி வேணுமா?” என்று கேட்கும்போது நீங்களும் அந்தப் படங்களைத் தொட்டுக்காட்டிக் கேளுங்கள். நாம் பேசப் பேசக் கேட்டுத்தானே மற்ற பிள்ளைகள் பேசப் பழகுகின்றன?

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். குறும்பு செய்தான் என்று டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் வைக்காதீர்கள். அது அவன் வாய். கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்றால், வேறெதற்கும் போகமுடியாதபடி பேசும் செயலியை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் திரையைத் திறந்து பாருங்கள். ‘வேண்டாம்’ இருக்கிறதா? ‘வலிக்குது’, ‘போரடிக்குது’, ‘நீ போ’ இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பல செயலிகளில் நாமே குரல் பதிவு செய்யலாம். அடுத்த வீட்டுப் பையனைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஏழு வயதுக் குரலில் பேசட்டும்.