அப்பத்தா வைத்தது குங்குமமா, சாந்தா?

வணக்கம் மக்களே. படம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறதே, கேமரா போய்விட்டதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறேன். மேலே சிவப்பு விளக்கு, வாளிமேல் ஒரு பலகை, பலகையில் மூன்று பிளாஸ்டிக் தட்டு. யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பார்க்கலாம்.

இந்த மஞ்சள் பெட்டி கோடக் கோடலித் ஆர்த்தோ என்ற பழைய கறுப்பு-வெள்ளை பிலிம். 10-க்கு 12 அங்குலத் தாள்கள். சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருந்த மாமா ஒருவர் பரணை ஒழிக்கும்போது கொடுத்தார். காலாவதித் தேதி 1994. உண்மையில் இது முகத்தைப் படம் எடுக்கச் செய்த பிலிமே அல்ல. நோட்டீஸோ லேபிளோ கல்யாணப் பத்திரிகையோ, எழுத்தைப் பிராசஸ் கேமராவில் எடுத்து அச்சு பிளேட் போடுவார்களே, அதற்கானது. கறுப்பு இல்லையென்றால் வெள்ளை, நடுவில் சாம்பலுக்கு இடமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட்டுக்குப் போகும் வழி வந்ததும் இதற்கு வேலை போயிற்று. கோடக் தயாரிப்பை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. வேகம் குறைந்த, அதாவது ஒளியை மெதுவாக வாங்குகிற பிலிம் என்பதால் பரணிலும் தாக்குப்பிடித்திருக்கிறது. ஓரத்தில் லேசான மூட்டம், அவ்வளவுதான்.

இதை ஏன் கிளறுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு. கல்யாணமான புதிதில், 1948-இல், அப்பத்தா ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நெற்றியில் கன்னங்கரேல் என்று ஒரு பொட்டு. அது கறுப்புச் சாந்து என்கிறார் அப்பா. "எங்கம்மா ஒரு நாளும் சாந்து வச்சதில்ல, குங்குமம்தான்" என்கிறார் அத்தை. பொங்கலுக்குப் பொங்கல் இந்தச் சண்டை நடக்கும்.

பிலிமில் பூசியிருக்கும் மருந்தான வெள்ளி புரோமைடுக்குத் தானாகத் தெரிவது நீலமும் புற ஊதாவும்தான். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் வோகெல் என்பவர், சாயம் சேர்த்தால் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் ஆர்த்தோ. பச்சை, மஞ்சள் வரை பார்க்கும். சிவப்பு அதற்கு இருட்டு. சிவப்பையும் பார்க்கிற பான்குரோமாட்டிக் கண்ணாடி பிளேட்டை 1906-இல் இங்கிலாந்தில் ராட்டன் அண்டு வெயின்ரைட் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறமும் ஸ்டுடியோக்காரர்கள் வெகுகாலம் ஆர்த்தோவை விடவில்லை. ஏன் விடுவார்கள்? சிவப்பு விளக்கில் உட்கார்ந்து, படம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தே கழுவலாமே. பிரஸ்ஸில் நெகட்டிவில் விழுந்த ஊசித்துளையை அடைக்கச் செங்கல் நிற மை தடவுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கறுப்பு மைதானே தடவ வேண்டும் என்று நினைத்தேன். பிலிமுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் எல்லாச் சிவப்பு விளக்கும் சிவப்பல்ல. முதலில் திருவிழாவுக்குக் கட்டுகிற, சிவப்புச் சாயம் பூசிய ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். நாலு தாள் புகைமூட்டமாகப் போயிற்று. பிறகுதான் புத்தி வந்து காசு வைத்துப் பார்த்தேன். பிலிம் துண்டின்மேல் ஒரு ரூபாய்க் காசு, விளக்கடியில் ஐந்து நிமிடம், அப்புறம் டெவலப்பர், அதாவது படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல். காசு வட்டமாகத் தெரிந்தால் விளக்கு ஆகாது. என் பல்பில் நிலா மாதிரி தெரிந்தது. இப்போது இருப்பது சிவப்பு எல்.இ.டி. அதில் காசின் சுவடே இல்லை.

ஒரு தாளை வெட்டினால் 4-க்கு 5 அங்குலத்தில் ஆறு கிடைக்கும். தாளைக் கேமராவில் செருகும் ஹோல்டரில் நுழைய இரண்டு மில்லிமீட்டர் குறைத்தே வெட்டுங்கள். கையால் கிழிக்கப் பார்க்காதீர்கள், பாலியஸ்டர், கிழியாது. சாதாரண ஷீட் பிலிமைவிட மெல்லியது என்பதால் ஹோல்டருக்குள் தொளதொளவென்று கிடக்கும். பின்னால் டேப்பை மடித்து ஒட்டினேன். வெட்டிய தாளில், எது எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாள வெட்டு இருக்காது. வெளிறித் தெரிகிற பக்கம்தான் மருந்துப் பக்கம்.

வேகம் ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டேன். நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 5.6-க்கு 50-இல் ஒரு பங்கு வினாடி. திண்ணை நிழலில் அத்தையை உட்காரவைத்தபோது அரை வினாடி ஆயிற்று. சாயங்கால மஞ்சள் வெயிலில் ஒளி அளக்கும் மீட்டரை நம்பாதீர்கள். மீட்டர் எண்ணுகிற சிவப்பு இந்த பிலிமுக்குச் சேராது, கூடுதலாக ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கொடுங்கள். இரண்டு படம். ஒன்று குங்குமப் பொட்டோடு, இன்னொன்று அதை அழித்து அதே இடத்தில் கறுப்புச் சாந்து.

டெவலப்பருக்கு வருவோம். போட்டோ காகிதத்துக்கான டெவலப்பரில் போட்டால் நோட்டீஸ் மாதிரி வரும், முகம் வராது. நடுவில் சாம்பலும் வர நான் கலந்திருப்பது போட்டா. ஆமாம், பெயரே அதுதான். எங்கள் அத்தை போட்டோவைச் சொல்வது போலவே. 1967-இல் அமெரிக்காவில் மேரிலின் லெவி வெளியிட்ட கலவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் சல்பைட் 30 கிராம், பினிடோன் 1.5 கிராம். பினிடோன் பச்சைத்தண்ணீரில் எளிதில் கரையாது, சூடான தண்ணீரில் கரைத்துப் பிறகு ஆறவையுங்கள். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், நாளைக்கு வைத்தால் செத்துப்போகும். எங்கள் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. 20-க்கு இறக்க வெளியே ஐஸ் போட்ட பாத்திரம்.

போடுகிறேன். ஒரு நிமிடம் ஒன்றுமே இருக்காது, பதறாதீர்கள்... இதோ, முதலில் விபூதி. அப்புறம் வெள்ளைச் சேலை. இப்போது கன்னம். தாளைத் திருப்பி முதுகுப்பக்கம் பாருங்கள். விபூதி அங்கேயும் தெரிய ஆரம்பித்தால் எடுத்துவிடலாம். நடுவில் டெவலப்பரை நிறுத்தும் ஆசிட் வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசினால் ஊசித்துளை குறையும். பிறகு, படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸர்.

இது மறுநாள் காலை. மொட்டைமாடிக் கொடி, இரண்டு நெகட்டிவும் காய்ந்துவிட்டன. நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ், பாசிட்டிவாக மாற்றிப் பார்த்தால் செம்பருத்திப் பூ இலையைவிடக் கறுப்பாக வந்திருக்கிறது. அத்தையின் முகமும் நேரில் இருப்பதைவிட நாலு மடங்கு கருத்துவிட்டது. "ஏற்கெனவே நான் என்ன வெளுப்பாவா இருக்கேன்?" என்று கோபம். கோபம் நியாயம்தான், நம் தோலில் இருக்கிற செம்மையை இது கணக்கிலேயே எடுப்பதில்லை. கூடத்துப் படத்தில் அப்பத்தா அவ்வளவு கறுப்பாக இருப்பதும் இதனாலாக இருக்கலாம்.

பொட்டு? இரண்டிலும் கறுப்பு. ஒரே கறுப்பு. அதைவிடக் கேவலம், எந்த ஹோல்டரில் குங்குமம், எதில் சாந்து என்று எழுதிவைக்க மறந்துவிட்டேன். இடதுபக்கம் தொங்குவதைக் காட்டி, அதுதான் குங்குமம், பார்த்தாலே தெரிகிறதே என்கிறார் அத்தை. அப்பாவும் அதே படத்தைத்தான் காட்டுகிறார், சாந்து என்று.