விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை

வணக்கம் நேயர்களே. பிள்ளையைக் கால்பந்து அகாடமியில் தங்கிப் படிக்கச் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் மைதானத்தைத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். புல் எப்படி இருக்கிறது, பயிற்சியாளரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். அப்படியே விடுதிக்குள்ளும் போங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையின் முன்னால் பத்து நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள்.

இப்படி ஒரு தாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்கு எழ வேண்டும். 5.45 முதல் 7.45 வரை பயிற்சி. 8.45க்குப் பள்ளி. மாலை 4.30 முதல் 6.30 வரை மறுபடி பயிற்சி. 8 மணிக்குச் சாப்பாடு, 8.30 முதல் 10 வரை படிப்பு, 10.30க்கு விளக்கு அணைப்பார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தூக்கம் ஆறரை மணி நேரம்தான். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பயிற்சியோ நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஆறு நாள் என்றால் 24 மணி. வாரப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய அளவு உண்டு. 13 வயதுப் பையனுக்கு 13 மணி. இந்தத் தாளில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. இரவு எட்டரைக்குப் புத்தகத்தை விரிக்கும் பிள்ளை ஒன்பது மணிக்கு நோட்டின்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறது. அதற்குப் பெயர் படிப்பில் ஆர்வமின்மை இல்லை, அசதி.

இதை மாற்ற முடியும். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலைகளில் ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஞாயிறு மேட்ச். கூட்டினால் பத்து மணி நேரத்துக்குள் அடங்கும். புதன்கிழமை மைதானமே வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் சுண்டலோ முட்டையோ கொடுத்து, ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், அதன்பிறகு 5.30க்குப் பயிற்சி. நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் நல்ல நேரம். ஏழே முக்காலுக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து ஆறு மணிக்கு எழுப்பினால் ஒன்பது மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் நடத்தும் லா மாசியா அகாடமியிலேயே பகலில் பள்ளி, மாலையில்தான் பயிற்சி.

அடுத்து, எந்தப் பாடத்திட்டம் என்று கேளுங்கள். பல அகாடமிகள், தினமும் பள்ளிக்குப் போகாமல் பதிவு செய்து படிக்கும் தேசிய திறந்தநிலைப் பள்ளியைச் சொல்வார்கள். அது நல்ல வழிதான். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. டோர்னமெண்ட் இடித்தால் அடுத்த முறை எழுதலாம். பதிவு செய்ததோடு விட்டுவிடுவதில்தான் கோளாறு. பத்தாம் வகுப்புத் தேர்வெழுத 14 வயது நிரம்ப வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வயது வரட்டும் என்று வைத்திருந்தால் இடைப்பட்ட காலத்தில் கணக்கும் அறிவியலும் கைவிட்டுப் போகும். கணக்கு யார் சொல்லித் தருகிறார், வாரத்தில் எத்தனை நாள், எந்த அறையில் என்று கேளுங்கள். அசைன்மென்ட் நோட்டை வாங்கிப் பாருங்கள். தியரி மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். நோட்டு வெறுமையாக இருந்தால் வகுப்பும் நடக்கவில்லை என்று பொருள்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் 75 சதவீத வருகை வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குச் சலுகை உண்டு. அதற்குக் கடிதங்களுடன் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். போட்டி முடிந்து வந்து மார்ச் மாதத்தில் அலைவதைவிட, கிளம்பும் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குறைந்த வயதுப் பிரிவில் ஆடவைக்க வயதை இரண்டு ஆண்டு குறைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும், பிள்ளையைக் கீழ் வகுப்புக்கு இறக்க வேண்டிவரும், சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஆயுளுக்கும் தொல்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் நகல் மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

வளரும் வயதில் முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே எலும்பு புடைத்து, அழுத்தினால் வலிக்கும். குதிகாலிலும் வலி வரும். எலும்பு வேகமாக வளரும்போது தசைநார் இழுக்கிற வலி அது. ஓட்டத்தையும் தாவலையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். வலிமருந்து ஊசி போட்டு ஆடவைப்பது பாவம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே சுவரில், காலை நேரத்தில் உயரம் அளந்து குறித்துவைக்கும் அகாடமி, வலி வருமுன்பே பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும்.

வீட்டு ஏக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஸ்பெயின் கால்பந்து வீரர் இனியெஸ்டா 12 வயதில் லா மாசியா விடுதிக்கு வந்தபோது அழுதிருக்கிறார். தினமும் ஒரு குறித்த நேரத்தில், வார்டன் பக்கத்தில் இல்லாமல், பிள்ளை வீட்டோடு பேச வேண்டும். மசாஜ், பிசியோ எல்லாம் கதவு திறந்திருக்க, இன்னொரு பெரியவர் உடனிருக்க நடக்க வேண்டும். பாலியல் தொந்தரவு பற்றித் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். மூடி மறைப்பதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் விடுதிச் சுவரில் பிள்ளையின் கண்ணுயரத்தில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. ஒரு நாள் அகாடமியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட்டோ, தோற்றுத் திரும்பும் பஸ்ஸிலோ அதைச் சொல்வது கொடுமை. தேர்வுக்கு முந்தைய வாரமும் ஆகாது. பெற்றோரை வரவழைத்து, நேரில் உட்கார்ந்து, எழுத்தில் ஓர் அறிக்கையோடு சொல்ல வேண்டும். பள்ளி மாற வேண்டியிருந்தால் மாற்றுச் சான்றிதழ் அந்த வாரமே கைக்கு வர வேண்டும். அதன்பின் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் பயிற்சியாளரே போன் செய்து, எந்தப் பள்ளியில் சேர்ந்தாய், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க வேண்டும். இந்த மூன்று போனையும் யார் செய்வார் என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.