ஜோலார்பேட்டையிலிருந்து வந்த வண்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்னை சென்ட்ரலில் போய் நின்றேன். என் பிள்ளைகள் இருவரும் ஏலகிரி மலையில் 10 நாள் கோடை முகாம் முடித்துவிட்டு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 10. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என்னைவிட்டு அத்தனை நாள் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த வண்டி வந்து நின்ற நேரத்தையும், அதற்கு அப்புறம் வீட்டில் கழிந்த சாயங்காலத்தையும் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில். ஜோலார்பேட்டை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு ஞாபகம் வரும். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக நாங்கள் குடத்தோடு தெருவில் நின்ற கோடை. அந்த ஜூலை 12-ஆம் தேதி காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதைப் பார்க்க ஊரே திரண்டது. என் மகளுக்கு அப்போது 7 வயது. அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவு தண்ணியும் நமக்கா அம்மா?" என்று கேட்டாள். அந்தத் தண்ணீர் நேராக எங்கள் குழாய்க்கு வரவில்லை, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. ஆனாலும் அன்றைக்கு மனசு குளிர்ந்துபோனது. சென்ட்ரலில் நின்றபோது அந்த ரயில்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதே ஊர், அதே தண்டவாளம். இப்போது என் பிள்ளைகள் வருகிறார்கள்.

எனக்குப் பிறந்த வீடு வாணியம்பாடி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஏலகிரி மலை தெரியும். மழைக்காலத்தில் அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். மலைப் பலாப்பழம் இறங்கும் நாளில் சந்தையே மணக்கும். ஆனால் அந்த மலைமேல் ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், ஏரியைப் பார்த்தோம், பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட்டார்கள். பெண் பிள்ளை வெளியே தங்குவதா என்று வீட்டில் கேட்கிற காலம் அது. அதனால், ஏலகிரியில் முகாம் என்று மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது, நான் யோசிக்கவே இல்லை. என் கணவர்தான் இரண்டு நாள் யோசித்தார்.

"பிள்ளைகளை எப்படி விட்டுட்டு இருக்கே?" என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, அக்கறைதான். ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். நாங்கள் சின்ன வயதில் முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆயா வீட்டுக்குப் போய்விடுவோம். அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அப்புறம் ஒரு மாதத்துக்கு மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று பன்னிரண்டு உருப்படி. கிணறு, மாந்தோப்பு, ராத்திரி முற்றத்தில் பாய். அம்மாவை நினைக்க நேரமே இருக்காது. அதைப் பிரிவு என்று யாரும் சொன்னதில்லை. இன்று என் பிள்ளைகளின் ஆயா, அதாவது என் அம்மா, என்னோடு சென்னையில் இருக்கிறார், கிணறு தூர்ந்துவிட்டது, மாமா பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதத்தை நான் எங்கிருந்து கொடுப்பேன்? பத்து நாளாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பத்து நாளும் லேசாகப் போகவில்லை. ஆறு தோசை சுட்டுவிட்டு அப்புறம்தான் யாருக்கு என்று யோசிப்பேன். மாவு புளித்துப் புளித்துக் கடைசியில் பணியாரம் ஆனது. வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு குறைந்திருந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம் வயிற்றில் என்னவோ செய்யும். முகாமில் பிள்ளைகளுக்கு செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் பேசலாம். தினமும் இரவு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்புவார்கள். நாற்பது பிள்ளைகள் நிற்கிற படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி என்னுடைய இரண்டு முகங்களைத் தேடுவேன். ஒரு நாள் படத்தில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்கள். என் பையனுக்குத் தலையில் இரட்டைச் சுழி. அதை வைத்துக் கண்டுபிடித்தேன். அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி, அரக்கோணம் என்று ஒவ்வொரு ஊராக மனசுக்குள் நானும் கூடவே வந்துகொண்டிருந்தேன். கடைசியில் அந்த வண்டி எங்கள் வில்லிவாக்கத்தைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்கு வர வேண்டும். அங்கே அது நிற்காது. என் அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறார். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்று, போகிற ரயிலுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். எது பேரப்பிள்ளைகளின் வண்டி என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் காட்டினாராம். இதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. என் மகன் பெட்டியிலிருந்து குதித்ததும் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்: "அம்மா, ஆயா மாடியில நின்னாங்க, நான் பார்த்தேன்!"

அதற்குள் நான் அவனை அணைத்துக்கொண்டிருந்தேன். புகை வாசனை, மண் வாசனை, வேர்வை, எங்கேயோ தைலம். முழங்காலில் ஒரு பெரிய கட்டு. "அது ஒண்ணுமில்லம்மா" என்றான். வீட்டில் நகம் கிழிந்தால்கூட ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவன். பின்னாலேயே மகள் இறங்கினாள். தன் பையை ஒரு தோளிலும் தம்பி பையை இன்னொரு தோளிலும் மாட்டியிருந்தாள். கறுத்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள், கண் மட்டும் அப்படி ஒரு தெளிவு. நான் கை நீட்டியதும் பைகளைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். ஒன்றுமே பேசவில்லை. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஊருக்கு முன்னால் அழுகிறோமே என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சுதான். ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் பையன் அதை ஒப்பித்துக்கொண்டே வந்தான். கம்பரில் ஒருத்தனுக்கு வாந்தி, பாரியில் இன்னொருத்தனுக்கு, ஓரிக்கு வந்ததும் எல்லோருக்கும் சரியாகிவிட்டதாம். சாமிமலை உச்சிக்கு நடந்து போனார்களாம். அந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டானாம். "நீ சாப்பிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டேன். வீட்டில் களி கிண்டினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவன் அவன். "ரெண்டு உருண்டைம்மா" என்றான்.

மகள் சொன்னது வேறு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்களை ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பெயரில் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-இல் திறந்தது. பிள்ளைகளுக்குச் சின்னத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினார்களாம். "பள்ளம் பள்ளமா, ஓரத்துல நிழலோட தெரிஞ்சுதும்மா, கை வைக்கலாம் போல இருந்துச்சு" என்றாள். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் கண்டுபிடித்தபோது அதைக் காவலூரிலிருந்தும் பார்த்துப் பதிவு செய்தார்கள் என்றும் சொன்னாள். நான் வாணியம்பாடிக்காரி. காவலூர் என்ற பெயரை பஸ் பலகையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த ஊரைப் பற்றி என் மகள் எனக்குச் சொல்லித்தருகிறாள். அந்த நேரத்தில் எனக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, அது சென்ட்ரலில் வந்த சந்தோஷம் இல்லை. இது வேறு மாதிரி. இதுவரை என் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் நானோ, என் வீட்டாரோ, பள்ளிக்கூடமோ கொடுத்தது. யார் எதைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர்களிடம் நான் வைக்காத பொருள் இருக்கிறது. நான் பார்க்காத ஒரு நிலாவை அவள் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் வாயால் அதைக் கேட்கக் கேட்க, பெற்ற பிள்ளையைப் புதிதாக ஒரு தடவை பார்க்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆயா இரண்டு பேருக்கும் திருஷ்டி கழித்தார். கற்பூரம் அணையும் முன்னாலேயே பையன் தன் பையைக் கூடத்தில் கொட்டினான். நான் மடித்து வைத்த சட்டைகளில் மூன்று மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. சோப்பு புதுசு போலவே இருந்தது. ஒரு சாக்ஸ் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் புதுத் துண்டு, நான்கு மூலையும் சேர்த்து மூட்டையாக முடிந்து கிடந்தது. அவிழ்த்தேன்.

உள்ளே பலாக்கொட்டை.

நேயர்களே, எங்கள் வீட்டில் பலாக்கொட்டைக்கு ஒரு கதை உண்டு. கோடையில் என் அம்மா கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காரக்குழம்பு வைப்பார். ஏலகிரிப் பலாவின் கொட்டை என்றால் மாவு மாவாக வேகும் என்பார். சென்னைக்கு வந்த பிறகு கடையில் சுளையாக வாங்கித் தின்பதோடு சரி. அந்தக் கொட்டை இப்போது கிடைப்பதில்லையே என்று நான் எப்போதோ ஒரு நாள் சொல்லியிருப்பேன். எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. முகாமில் ஒரு நாள் பலாப்பழம் அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்ப, இவன் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான். குழாயடியில் கழுவி, பாறையில் காயவைத்து, குரங்கு வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறான். அந்தச் சாயங்காலம் மற்றவர்கள் விளையாடப் போனபோது இவன் போகவில்லை என்று மகள்தான் சொன்னாள். எண்ணிப் பார்த்தேன், 86 கொட்டைகள். இரண்டு மூன்றில் லேசாக முளை விட்டிருந்தது. "உனக்குத்தான்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். பத்து நாளாகத் தன்னைப் பார்க்காத சிநேகிதர்கள் காத்திருப்பார்களே.

அன்று ராத்திரி நானும் அம்மாவும் உட்கார்ந்து அந்தக் கொட்டைகளைத் தோல் உரித்தோம். கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளைத் தோல் பிளந்து வரும். உள்ளே செம்பழுப்புத் தோல், அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பாதியைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு மீதியை மணலில் புதைத்து வைத்தார் அம்மா. அப்படி வைத்தால் பல நாள் கெடாது. முளை விட்டதில் ஒன்றைத் தொட்டியில் ஊன்றியிருக்கிறோம். மூன்று இலை வந்திருக்கிறது.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மகள் குளித்துவிட்டு வந்தாள். தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவது நான்தான். ஒரு நாளும் அவளாகப் பின்னிக்கொண்டது கிடையாது. சீப்பை எடுத்துக்கொண்டு, "வா, உட்காரு கண்ணு" என்றேன். அவள் சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முகாமில் அவளோடு ஒரே அறையில் சின்னப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்களாம், 9 வயது, 10 வயதுப் பிள்ளைகள். முதல் இரண்டு ராத்திரி அம்மா வேண்டும் என்று அழுதிருக்கிறார்கள். காலையில் அவர்களுக்குத் தலை பின்ன ஆளில்லை. இவள் முதலில் கோணலாகப் பின்னி, பிறகு பழகி, பத்து நாளும் நான்கு பேருக்கும் இவள்தான் பின்னிவிட்டிருக்கிறாள். அவர்கள் அழும்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். "நீ எனக்குச் செய்வியே, அதேதான். தலையில எண்ணெய் வெச்சு மெதுவா தேய்ச்சேன். தூங்கிடுவாங்க" என்றாள்.

"நீ அழலையா?"

"ஒரு நாள் மட்டும். அவங்க தூங்கினதுக்கு அப்புறம்."

அதைச் சொல்லிவிட்டு, "நீ உட்காரும்மா" என்று என்னைத் தரையில் உட்கார வைத்தாள். அடுப்பைச் சிறு தீயில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் குரல் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். வில்லிவாக்கம் ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஊதிக்கொண்டு போனது.

நன்றி, வணக்கம்.